முப்பத்து நான்காவது நாய்

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கிற கிராணி தினமும் காலையில் அதைக் கூப்பிட்டுமிருப்பார். எனக்குத்தான் நினைவில் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைத்ததே கிடையாது. சீட்டண்ணன் என்றால் பாடாங் செராய் கடைத்தெரு வரைக்கும் தெரியும்.

நான் கல்யாணமாகி அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து இறங்கிய அன்றே அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், ஒண்டிக்கட்டை, என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. புதுப்பெண்ணை ஆசீர்வதிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் குனியப் போனேன். அவரோ என் வீட்டுக்காரரிடம், "பொண்ணு வீட்டுல யாராச்சும் சிகரெட்டு குடிப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். வந்த அன்றே என் பிறந்த வீட்டின் ஒழுக்கத்தைத் துருவுகிறாரே என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கப்பா சுருட்டுதான் பிடிப்பார் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் முகம் வாடிப் போயிற்று. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

பிறகுதான் என் வீட்டுக்காரர் விளக்கினார். சிகரெட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் படம் வைத்து விற்ற காலம் அது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு சீட்டு. முன்னால் கலர்ப் படம், பின்னால் இங்கிலீஷில் ஏதோ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். கப்பல், பூ, பறவை என்று பல வகை வந்தன. சீட்டண்ணனுக்கு மற்றதெல்லாம் வேண்டாம். அவர் சேர்த்தது நாய்ப் படம். மொத்தம் ஐம்பது நாய். பல வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஸ்டோருக்குப் பக்கத்தில், ஓடிக் காய்ந்த ஒரு கால்வாயில் முதல் சீட்டைப் பார்த்தாராம். வெள்ளை நாய், கழுத்தில் நீல ரிப்பன். யாரோ புகைத்துவிட்டுத் தூக்கி எறிந்தது. "அது என்னையே பாத்துச்சு" என்பார். அதற்கு மேல் காரணம் கேட்டால் அதையே திரும்பவும் சொல்வார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஆகவே நாய்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். முகமெல்லாம் மயிர் மூடியதற்குச் சாமியார். குட்டைக் கால், நீள உடம்புக்குப் பெஞ்சு. கன்னம் தொங்கிப் போய்க் கண் சிவந்த ஒன்று எங்கள் கங்காணிக்கு உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. கங்காணி லயத்துப் பக்கம் வந்தால் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டோம், சிரிப்பு வந்துவிடும்.

அவர் வேலை புகைக்கூடத்தில். உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக்கி மூங்கிலில் தொங்கவிட்டுப் புகை போடுகிற இடம். சீட்டுகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அவற்றையும் அங்கேயே கொண்டுபோய்ப் புகை காட்டுவார். அதனால் அந்த நாய்களெல்லாம் லேசாகப் பழுப்பேறி, ரப்பர் வாடை அடிக்கும். ஒரு பிஸ்கோத்து டின்னுக்குள் எண் வரிசையில் நிற்க வைத்திருப்பார். கிடைக்காத எண்ணுக்கு அதே அளவில் சோப்புப் பெட்டி அட்டையை வெட்டி, ஒன்றும் எழுதாமல் வைத்திருப்பார். அதற்கு வெள்ளைச் சீட்டு என்று பெயர். புது நாய் கிடைத்துவிட்டால் உடனே உள்ளே வைக்கமாட்டார். முதலில் அந்த வெள்ளைச் சீட்டை எடுத்துப் புகைக்கூடத்து அடுப்பில் போடுவார். அது எரிந்து முடிகிற வரை நின்று பார்ப்பார். அப்புறம்தான் நாய் டின்னுக்குள் போகும்.

"இத்தன நாளு எடம் புடிச்சு வச்சிருந்தவன் லா அவன். மரியாத பண்ணி அனுப்ப வேணாமா?" என்பார்.

நான் அவரை விட்டு வைக்கவில்லை. ஒரு நாய்க்குச் சோறு போட்டாலாவது வாலாட்டும், இது எதுக்கு ஆகும் என்று கேட்பேன். எல்லா நாயும் வந்து சேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் வெட்கப்படுவார். எல்லாம் சேர்ந்துவிட்டால் லயத்துக்கே சர்க்கரைப் பொங்கல் போடுவேன் என்பார். பொங்கலுக்காகவாவது சீக்கிரம் சேரட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். என் கைராசியோ என்னவோ, நான் வந்த பிறகு மளமளவென்று நாய்கள் வந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. முப்பத்து நாலு.

அந்த நேரம் பார்த்து ஜப்பான்காரன் வந்தான்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் காடியில் ஏறிப் போய்விட்டார். தோட்டமே துரை போனதை எண்ணிக் கலங்கி நின்றபோது, சீட்டண்ணன் சிகரெட்டு வராமல் போகுமே என்று கலங்கினார். அவர் பயந்தது நடந்தது. அரிசி போயிற்று, துணி போயிற்று, மண்ணெண்ணெய் போயிற்று, சிகரெட்டும் போயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லாமல் புகைக்கூடத்தைப் பூட்டினார்கள். மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுக் கிழங்கு தின்றோம். இனி அந்த முப்பத்து நாலு புதுப் பெட்டியிலிருந்து வராது, ஏற்கெனவே யார் கையிலாவது இருந்தால்தான் உண்டு என்று அவருக்குப் புரிந்தது. மற்றவராயிருந்தால் விட்டிருப்பார். இவர் ஊர் ஊராகக் கேட்க ஆரம்பித்தார்.

அப்படித்தான் பாடாங் செராயில் அடி வாங்கினார். பாசாரில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, "சீட்டு இருக்கா? சீட்டு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் எத்தனை அர்த்தம். சூதாடுகிறதும் சீட்டு, பணம் கட்டுகிறதும் சீட்டு, யாருக்கும் தெரியாமல் கை மாறுகிற துண்டுக் காகிதமும் சீட்டு. எவனோ ஒரு தமிழன் போய்ப் போலீஸ்காரனிடம் சொல்லிவிட்டான். மலாய்க்காரப் போலீஸ் வந்து இவர் மடியைத் தட்டினான். இரண்டாகக் கிடைத்திருந்த சில சீட்டுகளை மாற்றிக்கொள்வதற்காகக் கொண்டு போயிருந்தார், அவை கீழே விழுந்தன. இது என்ன என்று அவன் மலாயில் அதட்டினான். குனிந்து சீட்டைக் காட்ட வேண்டியவர், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தபடியே, "அஞ்சிங், துவான்" என்று சொல்லிவிட்டார். நாய், ஐயா. விழுந்தது அறை.

அப்புறம் அவன் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்து விட்டுவிட்டானாம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனக் கடைக்காரர் பரிதாபப்பட்டுத் தன் மேசை டிராயரிலிருந்து ஒரு நாய்ச் சீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கன்னம் வீங்கி, அந்தச் சீட்டோடு வந்து சேர்ந்தார். முப்பத்து நாலா என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு. அவரிடம் ஏற்கெனவே இருந்த பெஞ்சு. வேண்டாம் என்று சொன்னால் அந்த மனிதர் மனது புண்படும் என்று வாங்கி வந்தாராம். நான் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன், கொடுத்துக்கொண்டே திட்டினேன்.

சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், கூலி உண்டு, அரிசி உண்டு என்று சொல்லி முதலில் கூட்டிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அப்புறம் யாரும் தானாகப் போகவில்லை, லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. பெரட்டில் ஆள் குறையக் குறையக் கங்காணி நெருங்கி நிற்கச் சொல்வார். எல்லோரும் நெருங்குவார்கள். சீட்டண்ணன் நகரமாட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆள் சயாமுக்குப் போய்விட்டான். அவன் நின்ற இடத்தை விட்டுவிட்டுத்தான் நிற்பார். கங்காணி பிரம்பால் தோளில் தட்டிக் கேட்டதற்கு, அவன் வந்தால் நிற்க இடம் வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். கிழம் கோட்டி பிடித்துப் போய்விட்டது என்று சொல்லிக் கங்காணி விட்டுவிட்டார். எனக்கு அன்றைக்கு அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை. என் மகன் அப்போது கைக்குழந்தை. நாளைக்கு என் வீட்டுக்காரர் நிற்கிற இடமும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் கிழங்கு தோண்டும்போதும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கூடவே இருந்தது.

வேலை இல்லாத ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. துண்டால் சீட்டண்ணன் கண்ணைக் கட்டி, டின்னிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னார். இது முனை மடங்கினது, ஏழு. இது எலி கடிச்சது, நாப்பத்தொண்ணு. சிலது தப்பிற்று, பெரும்பாலும் சரி. நடுவில் வெள்ளைச் சீட்டைக் கொடுத்தபோது தடவக்கூட இல்லை. கை பட்டதுமே, "இது ஆளில்லாத வீடு தம்பி" என்றார். சோப்பட்டை தடிமன், புகை படாததால் பிசுபிசுப்பு இல்லை. நாங்கள் சிரித்தோம். அந்தக் காலத்தில் நாங்கள் வயிறு நிறையச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு யோகம் அடித்தது உப்புமீன் ரூபத்தில். மெர்போக்கிலிருந்து உப்புமீன் கொண்டு வந்து கிழங்குக்கு மாற்றிக்கொண்டு போகிற ஒரு மலாய்க்காரப் பெரியவர் உண்டு. அவரிடமும் சீட்டண்ணன் கேட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அவர் வந்து, தங்கள் ஊரில் முன்பு துரை பங்களாவில் சமைத்த ஒரு தமிழர் இருக்கிறார், அவர் வீட்டுப் பெட்டிக்குள் இப்படி நாய்ப் படங்கள் இருக்கின்றன என்றார். எண் என்ன என்று இவர் கேட்க, அவர் குச்சியால் மண்ணில் சிலவற்றை எழுதிக் காட்டினார். மூன்றும் நாலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. சீட்டண்ணன் அந்த எண்ணில் யார் காலும் படாமல் இருக்கச் சுற்றிக் கல் அடுக்கினார். மழை வந்து அழிக்கிற வரை அது எங்கள் வாசலில் இருந்தது.

சும்மா போய்க் கேட்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். அவரிடம் கட்டாத வேட்டி ஒன்று இருந்தது. துணி கிடைக்காமல் ஆண்கள் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த நேரம். அவரும் சாக்குதான் கட்டியிருந்தார், இடுப்பெல்லாம் தடித்துப் போயிருந்தது. அந்த வேட்டியைக் கட்டுங்களேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அது முப்பத்து நாலுக்கு என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். உப்புமீன்காரர் அடுத்த முறை வரும்போது கூடவே மெர்போக்குக்குப் போவது என்று ஏற்பாடு. பொங்கலுக்குச் சர்க்கரைக்கு எங்கே போவது, கிழங்கில் பொங்க முடியுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. முப்பத்து நாலு எப்படி இருக்கும் என்று மூவரும் பேசிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் கறுப்பு என்பார், நான் புள்ளி போட்டது என்பேன். சீட்டண்ணன், எப்படி இருந்தாலும் நம்ம நாய்தான் என்பார்.

உப்புமீன்காரர் வருவதற்குள் கங்காணி வந்தார். சுங்கை பட்டாணியிலிருந்து ஜப்பான்காரன் உத்தரவு, லயத்துக்கு ஓர் ஆள் சயாமுக்குப் போக வேண்டும். யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் லாரியில் வருகிறவன் கண்ணில் படுகிறவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவான் என்றார். யாரைச் சொல்வது? ஆண்கள் கோயில் முன்னால் கூடிச் சீட்டுக் குலுக்குவது என்று முடிவு செய்தார்கள். குலுக்கக் காகிதம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் புத்தகங்களைக்கூட அடுப்பெரித்தாகிவிட்டது. எல்லோர் கண்ணும் சீட்டண்ணன் பக்கம் திரும்பியது.

அவர் முதலில் முடியாது என்றார். என் நாயைக் கொண்டு ஒருத்தனைச் சாக அனுப்புவதா என்று கேட்டார். கங்காணி அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போய் ஏதோ பேசினார். அப்புறம் சீட்டண்ணன் வீட்டுக்குப் போய் டின்னோடு வந்தார். ஆளுக்கு ஒன்று வீதம் சீட்டை எண்ணிக் குடத்தில் போட்டார்கள். கங்காணி ஒரு நாயின் மேல் கரியால் பெருக்கல் குறி போடப் போனார், அது வருகிறவன் போக வேண்டும் என்று. சீட்டண்ணன் அவர் கையைப் பிடித்துவிட்டார். கங்காணி கையை யாரும் பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. படத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லி, அந்த நாய்க்குப் பதிலாக வெள்ளைச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை வந்தவன் போகட்டும் என்று முடிவாயிற்று. குடத்து வாயில் துணி கட்டி, கை நுழைகிற அளவு கிழித்தார்கள்.

பெண்கள் நாங்கள் தள்ளி நின்றோம். லயத்தில் முதல் வீடு எங்களுடையது, என் வீட்டுக்காரர்தான் முதலில் எடுக்க வேண்டும். அவர் காலடி எடுத்து வைத்தார். என் மகன் இடுப்பில் இருந்தான்.

"சீட்டு என்னோடது லா. நாந்தான் மொதல்ல எடுப்பேன்" என்று சீட்டண்ணன் முன்னால் வந்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குடம் நிறைய நாய் இருக்கும்போதே எடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறான் கிழவன் என்று ஒருவர் உரக்கவே சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை. குடத்துக்குள் கையை விட்டார். கை உள்ளேயே இருந்தது. கங்காணி சீக்கிரம் என்றார். கை வெளியே வந்தபோது அதில் வெள்ளைச் சீட்டு இருந்தது.

அவ்வளவுதான், குலுக்கல் முடிந்துவிட்டது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பித்தவர்களுக்கு வீட்டுக்குப் போக அவசரம். அவர் மட்டும் குடத்தைக் கவிழ்த்து, நாய்களைத் தரையில் பரப்பி, எண் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தார். அவர் தலைகீழாகக் கொடுத்ததைச் சீட்டண்ணன் நிமிர்த்தி வைத்தார்.

மறுநாள் லாரி வருமுன் டின்னைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மேலே அந்த வேட்டி மடித்து இருந்தது. பிள்ளைக்குத் தூளி கட்டு, சாக்கு குத்தும் என்றார். எனக்கு அடக்க முடியவில்லை.

"தெரிஞ்சுதானே அண்ணே எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாட்டி எல்லாச் சீட்டும் ஒண்ணுதான் தங்கச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கண்ணைக் கட்டிக்கொண்டு எலி கடித்ததையும் முனை மடங்கியதையும் சொன்ன மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். பிறகு சாக்கு மடிப்பிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்துக் காட்டினார். "இது எங்கிட்ட இருக்கட்டும். முப்பத்து நாலு கெடைச்சா வாங்கி வையி. வந்து இத எரிச்சிட்டு உள்ள வச்சிக்கிறேன்."

லாரி போன பிறகு பெரட்டில் என் வீட்டுக்காரர் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நிற்கத் தொடங்கினார். கங்காணி பார்த்தார். பிரம்பை ஓங்காமல் அடுத்த வரிசைக்குப் போனார்.

உப்புமீன்காரர் வந்தார், சேதியைக் கேட்டுவிட்டு, கிழங்கு வாங்காமலே திரும்பிப் போனார். அப்புறம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். பெயர் தெரியாமல் எப்படிக் கேட்பது? சாக்கு மடியில் வெற்றுச் சீட்டு வைத்திருப்பாரே என்று கேட்டேன். அவரைப் பார்த்தவர் யாருமில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் மெர்போக்குக்குப் போனேன். பழைய பங்களாச் சமையல்காரர் வீடு ஆற்றோரத்தில் இருந்தது. நான் வாசலில் நின்று, "சீட்டு இருக்கா?" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று எனக்கே உறைத்தது. அவர் எழுந்து வந்து, நாய்ச் சீட்டுக்கு ஒருத்தர் வேட்டியோடு வருவார் என்று மீன்காரர் அப்போது சொல்லியிருந்தார், வரவேயில்லையே என்றார். உள்ளே போய் எடுத்து வந்தார். நான் கொண்டு போன புதுத் துணியை வாங்க மறுத்துவிட்டார்.

முப்பத்து நாலு கறுப்பும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரு காது மடங்கிய சாதாரணச் செவலை நாய். எங்கள் லயத்தில் கிழங்குத் தோலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு திரிந்தவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்திப் படம் போட்ட மாதிரி இருந்தது. இந்த நாய்க்கா அண்ணே இத்தனை அலைச்சல் என்று பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும், வை, வைத்துப் பார் என்றார் என் வீட்டுக்காரர். ஐம்பதும் சேர்ந்துவிட்டதே, பொங்கல் வைக்கலாமே என்றார். என்னால் முடியவில்லை. முதலில் வெள்ளைச் சீட்டை எரிக்க வேண்டும், அது எரிந்து முடிந்த பிறகுதான் நாய் உள்ளே போகும். வெள்ளைச் சீட்டு அவரிடம் இருக்கிறது.

அந்த டின் இப்போதும் என்னிடம்தான். திறந்தால் ரப்பர்ப் புகை வாடை வரும். முப்பத்து மூன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். செவலை நாய் மற்றவற்றுக்கு மேலே, மூடிக்கு அடியில், தனியாகப் படுத்திருக்கிறது.